பதினாலு நாளைக்கு ஒரு சாமி

எங்கள் ஊர் லைப்ரரி மிஸ்ஸின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்களும் எங்கள் கடைத்தெரு மாதிரியே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு, அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டிருப்பார் என்று ஆராயத் தொடங்கிவிடுவீர்கள். ஆராய்ந்தும் பிரயோசனம் இல்லை. அது அப்படிப்பட்ட பெயர். அதே பெயரில் அலுவிகாரையில் ஒரு பௌத்த டீச்சர் இருந்தார். மாத்தளைத் தேருக்கு வருஷம் தவறாமல் தீச்சட்டி எடுக்கும் ஓர் அக்காவும் இருந்தார். ஒரு முறை கண்டி ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டு வந்த அம்மாளிடம் பேர் கேட்டேன். அதே பேர்.

உடுப்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், திங்கட்கிழமை சிங்களப் பெண்களைப் போல ஒசரி கட்டி வருவார். செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுப் பெண்களைப் போலச் சேலை. புதன்கிழமை மறுபடி ஒசரி. நெற்றியில் எதுவும் கிடையாது. கழுத்தில் சங்கிலி உண்டு, அதன் நுனியில் தொங்குவது மட்டும் ரவிக்கைக்குள். வெசாக், தீபாவளி, நோன்புப் பெருநாள், நத்தார் எல்லாவற்றுக்கும் லைப்ரரியைப் பூட்டிவிட்டுத் தன் வாடகை அறை வாசலில் உட்கார்ந்து குடைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பார். அந்தக் குடைக்கு எந்த மதத்தின் மழையும் ஒன்றுதான். தேத்தண்ணிக் கடையில் இதைப் பற்றி ஒரு கோப்பை பிளேன்டிக்குப் பந்தயம் நடந்தது. நாலு வருஷமாக யாரும் ஜெயிக்கவில்லை.

எங்கள் ஊர் என்றால் மாத்தளையில் பஸ் ஏறி முக்கால் மணி நேரம். மிளகு, கிராம்பு, சாதிக்காய் வாங்கும் கடைகள் எட்டு. அதில் ஒன்று என் அப்பாவுடையது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே கிராமச்சங்க நூலகம். முன்பு கருவாடும் மிளகும் அடுக்கியிருந்த கூட்டுறவுக் கடை அது. மழை பெய்தால் புத்தகங்களிலிருந்து கருவாட்டு மணம் கிளம்பும். இரண்டு அலுமாரி, ஒரு மேசை, பத்திரிகைகளைச் சாய்த்து வைத்து நின்றபடி படிக்கும் ஒரு நீண்ட பலகை. அந்தப் பலகைக்கு மேலே ஒரு சுவர். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும் பெரிய, வெள்ளைச் சுவர்.

கதை முழுக்க அந்தச் சுவரைப் பற்றியதுதான்.

மிஸ்ஸுக்கு ஒரு பழக்கம். லைப்ரரி வாசலைத் தாண்டி உள்ளே வந்த எதற்கும் நம்பர் போட்டுவிடுவார். புத்தகத்துக்கு மட்டுமல்ல, மணிக்கூட்டுக்கு நம்பர் உண்டு, கூட்டுகிற தும்புத்தடிக்கு நம்பர் உண்டு. அன்பளிப்பு என்று யாராவது எதையாவது தூக்கிக்கொண்டு வந்தால் வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இரண்டு கையாலும் வாங்குவார். "வச்சிட்டுப் போங்க. நம்பர் போடணும்" என்பார். அவ்வளவுதான். அப்புறம், கிராமச்சங்கத்தின் விதிப் புத்தகத்தில் ஏழாவது விதி: தளபாடம் நீங்கலாக நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கிடைக்கும் ஒவ்வொரு பொருளும், கேட்கும் அங்கத்தவருக்குப் பதினான்கு நாளுக்கு இரவல் கொடுக்கப்படும். அந்த விதியை எழுதியவர் மனதில் புத்தகம்தான் இருந்திருக்கும். மிஸ் மனதில் 'ஒவ்வொரு பொருளும்' இருந்தது.

ஊரை விட்டுப் போன ஓர் அப்போதிக்கரி, அதுதான் எங்கள் டிஸ்பென்சரி டாக்டர், தன் பழைய மூக்குக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போனார். நம்பர் 611. அதை ஊர்க் கிழவர்கள் முறை வைத்து எடுத்துப் போனார்கள். ஒருவருக்கும் அதில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை, ஆனாலும் பதினாலு நாள் கண்ணாடி போட்டிருந்த பெருமையை விட மனமில்லை. என் பெரியப்பா அதைப் போட்டுக்கொண்டு மகனுக்குப் பெண் பார்க்கப் போய், பெண்ணுடைய அத்தையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தார். நல்லவேளை, பெரியம்மாவும் கூடப் போயிருந்தார்.

கெடு தாண்டினால் மிஸ் சண்டை பிடிக்க மாட்டார். சிவப்பு மையில் ஒரு தபால் அட்டை எழுதுவார். நம்பர், கெடு தாண்டிய நாள், கடைசியில் 'வேறொருவர் காத்திருக்கிறார்.' தபால்காரர் அதைக் கடைத்தெரு நடுவே நின்று உரக்க வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார். நான் அப்போது தேனீ வளர்ப்பது எப்படி என்று ஒரு புத்தகம் எடுத்திருந்தேன், நம்பர் 233. ஒரு தேனீ கூட வளர்க்கவில்லை. ஆனால் எனக்கு வந்த சிவப்பு அட்டைகளை அடுக்கினால் ஒரு தேன்கூடே கட்டலாம்.

முதல் சாமி வந்தது ஒரு வெசாக் காலத்தில். பழைய ஆரச்சி மாத்தயா, ஊர்த் தலைவர் உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர், விகாரைக் கமிட்டியில் பெரிய ஆள், கண்ணாடிச் சட்டம் போட்ட புத்தர் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் சிங்களவர்களோடு சிங்களத்தில்தான் பேசுவோம். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"மிஸ், இத அந்தச் சுவர்ல நடுவுல மாட்டணும்."

மிஸ் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். "வச்சிட்டுப் போங்க மாத்தயா. நம்பர் போடணும்."

நம்பர் 871. பின்புறம் ரப்பர் முத்திரை. உறை ஒட்டி, உள்ளே அட்டை. அட்டையில் தன் குண்டு எழுத்தில் ஒரு குறிப்பு: 'உயரத்தில் வைக்கவும். கால் நீட்டிப் படுக்கும் பக்கம் வேண்டாம்.' அப்புறம் சுவரில் மாட்டினார். ஆரச்சி மாத்தயா மனம் நிறைந்து போனார். மறுநாள் விகாரையிலிருந்து நாலு பேரை அழைத்து வந்து காட்ட உள்ளே நுழைந்தால் ஆணி மட்டும் இருந்தது.

"மிஸ், புதுன் எங்கே?"

"எடுத்துட்டுப் போயிட்டாங்க மாத்தயா. பதினாலு நாள்."

"யாரு?"

"அது சொல்ல முடியாதே. நீங்க என்னா புத்தகம் எடுக்கிறீங்கன்னு நான் யார்கிட்டயாவது சொல்றேனா?"

ஆரச்சி மாத்தயா கொஞ்சம் இருமினார். அவர் எடுக்கும் புத்தகங்கள் துப்பறியும் நாவல்கள். அட்டையில் எப்போதும் ஒரு பெண் மயங்கிக் கிடப்பாள். கூட வந்த நாலு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பேச்சை மாற்றினார்.

"சரி. அடுத்தது என் பேர எழுதிக்கங்க."

"நீங்க நாலாவது ஆள்" என்றார் மிஸ்.

இங்கேதான் நான் வருகிறேன். எனக்கு இருபது வயது. எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியாகிவிட்டது, வேலை கிடைக்கவில்லை, ஆகவே வாலிபர் சங்கச் செயலாளர் ஆகியிருந்தேன். சங்கத்தில் ஏழு பேர். ரப்பர் முத்திரை மட்டும் சங்கத்தைவிடப் பெரிது. பொதுக் கட்டடத்தில் ஒரு சமயத்தின் படம் ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாற்பத்திரண்டு கையெழுத்து வாங்கினேன். சம உரிமை, சிறுபான்மையினர், அரசாங்கத்தின் கடமை என்று மூன்று பக்கம் எழுதி, கண்ணாடி முன் நின்று இரண்டு தரம் பேசிப் பார்த்துவிட்டு, மயில்மேல் முருகன் படத்தோடு லைப்ரரிக்குள் புகுந்தேன். ஆறு பேரும் பின்னால்.

"மிஸ், நாங்க ஒரு கோரிக்கையோட வந்திருக்கோம்" என்று ஆரம்பித்தேன்.

"முருகனா? அழகா இருக்காரு. வச்சிட்டுப் போங்க, நம்பர் போடணும்."

"இல்லீங்க மிஸ், நீங்க மறுத்தா நாங்க மேலிடத்துக்கு..."

"நான் எங்க தம்பி மறுத்தேன்?"

மூன்று பக்கமும் கையிலேயே மடங்கிப் போயின. சண்டைக்கு உடம்பை முறுக்கிக்கொண்டு போனவனுக்குக் கதவு திறந்தே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி முகங்குப்புற உள்ளே விழுந்தேன். நம்பர் 874. அட்டையில்: 'மயிலின் கழுத்தில் கண்ணாடி கீறல் உண்டு. விரல் கவனம்.'

இரண்டாம் நாள் முருகனைக் காணோம். மூன்றாம் நாள் நான் மாத்தளைக்கு பஸ் ஏறினால், டிரைவர் தலைக்கு மேலே, வேலோடும் மயிலோடும் எங்கள் முருகன் குலுங்கிக்கொண்டிருந்தார். டிரைவர் அசல் சிங்களவர்.

"இது எங்க சங்கத்துப் படம்" என்றேன்.

"லைப்ரரிப் படம்" என்றார் அவர், கியரை மாற்றிக்கொண்டே. "இவர் எங்க கதிர்காமத்துச் சாமி, கதிர்காம தெய்யோ. புது பிரேக் போட்டிருக்கு. பதினாலு நாளைக்கு இருக்கட்டும்னு எடுத்தேன்."

"எங்க ஆளுங்களுக்கு வேணுமே."

"வரிசைல நிக்கச் சொல்லு தம்பி."

வரிசையைப் போய்ப் பார்த்தேன். டிரைவருக்குப் பின்னால் கண்டக்டர், அவருக்குப் பின்னால் ஆஸ்பத்திரி மிட்வைஃப், அவருக்குப் பின்னால் பரீட்சை எழுதும் இரண்டு சிங்களப் பொடியன்கள். நாற்பத்திரண்டு கையெழுத்து வாங்கி நாங்கள் வைத்த முருகன் இரண்டு மாதத்துக்கு மேல் தமிழ் வீட்டுப் பக்கமே வரவில்லை. சம உரிமை கேட்டவனுக்கு இதைவிடப் பெரிய சம உரிமையை யாராலும் கொடுத்திருக்க முடியாது.

அதைவிட மோசமானது வீட்டில் காத்திருந்தது. ஒரு பகல் சாப்பாட்டுக்குப் போனேன். அம்மா குசினியில் உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரில், உயரத்தில், கால் நீட்டாத பக்கத்தில், நெற்றியில் சந்தனப் பொட்டோடு புத்தர்.

"அம்மா, என்னா இது?"

"லைப்ரரில எடுத்தேன். உங்க அப்பா கார்டுல."

"நான் செயலாளரா இருக்கிற வீட்ல?"

அம்மா உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டார். "நீ செயலாளரா இரு. நான் என்னா வேணாம்ங்கிறேனா? அந்த முகத்தப் பாரு. எம்புட்டு அமைதி. இந்த வீட்ல ஒருத்தராவது வாயத் தொறக்காம இருக்கட்டுமேன்னுதான் கொண்டாந்தேன்."

அந்தப் படம் பொட்டோடுதான் திரும்பிப் போனது. அன்று பார்த்து ஆரச்சி மாத்தயாவின் முறை. நான் பத்திரிகைப் பலகைக்குப் பின்னால் மறைந்து நின்றேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பொட்டைப் பார்த்தார். முகம் மாறியது.

"யாரோ தமிழ் ஆள் வீட்டுக்குப் போயிருக்கு."

"அது வாசிச்ச அடையாளம் மாத்தயா" என்றார் மிஸ். "நல்லா இருந்த பக்கத்துல பென்சில் கோடு போடுறாங்கல்ல, அந்த மாதிரி. வேணும்னா துணி தரேன், துடைச்சுக்கங்க."

துணியை நீட்டினார். அவர் வாங்கவில்லை. பொட்டோடேயே படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். பலகைக்குப் பின்னால் நின்ற எனக்கு ஏனோ சிரிப்பும் வந்தது, மூக்கும் எரிந்தது.

அப்புறம் யாரையும் பிடிக்க முடியவில்லை. துணிக்கடை ஹாஜியார் சட்டம் போட்ட ஓர் ஆயத்தை, குர்ஆன் வசனத்தை, கொண்டுவந்தார். "எங்களுக்குப் படம் சரிவராது மிஸ். எழுத்துத்தான். ஆனா கண்ட இடத்தில கொண்டுபோய் வச்சிட்டாங்கண்டா?" என்று கவலைப்பட்டார். மிஸ் அவர் சொல்லச் சொல்ல அட்டையில் எழுதினார்: 'கை கழுவிவிட்டுத் தொடவும். இதைவிட உயரமாக எதுவும் வேண்டாம்.' ஹாஜியார் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, முதல் ஆளாகத் தானே எடுத்துக்கொண்டு போனார். பதினாலாம் நாள் காலையில் கொண்டுவந்து வைப்பார், யாரும் கேட்காவிட்டால் பின்னேரம் மறுபடி எடுப்பார். தவணை தவறாத ஒரே அங்கத்தவர் அவர்தான். பேக்கரிக்காரர் மாதா படம் கொடுத்தார். அது அரைவாசிக் காலம் ஹாஜியாருடைய பக்கத்து வீட்டில், பிரசவத்துக்குக் காத்திருந்த ஒரு சிங்களப் பெண்ணிடம் இருந்தது. சுவரில் ஆணிகள் பெருகின. சுவர் வெறுமையாகவே இருந்தது. எங்கள் சாமிகள் எல்லாம் எப்போதும் வெளியே வேலையாகப் போயிருந்தார்கள்.

ஒரு நாள் கேட்டேன். "மிஸ், இப்படி ஏன்? ஒண்ணையும் ஏத்துக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே."

அவர் 611 கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சுவர்ல தொங்கினா வர்றவங்க எல்லாரும் பாத்துத்தான் ஆகணும். வீட்டுக்குக் கொண்டு போனா வேணும்ங்கிறவங்க பாப்பாங்க. பேப்பர் பாக்க வர்றவருக்கு பேப்பர் இருந்தாப் போதும், தம்பி." அப்புறம் சிவப்பு மையை எடுத்தார். "233 எங்க?"

கிராமச்சங்கச் சேர்மன் மாத்தயாவுக்கு இதெல்லாம் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. தேர்தல் நெருங்கியது. இரவல் போக முடியாத ஒன்றை வைக்கிறேன் என்று கூட்டத்தில் சொன்னார்: ஆள் உயரக் கண்ணாடிக் கூடு, உள்ளே புத்தர் சிலை, பின்னால் மூன்று நிறத்தில் மின்சார பல்பு, அடியில் சிமெந்து மேடை, நாலு பெரிய போல்ட். அதற்கு இடம் வேண்டும் என்பதால் பத்திரிகைப் பலகையை வெளி விறாந்தாவுக்குத் தள்ள உத்தரவு. கூடவே மிஸ்ஸுக்கு ஒரு கடிதம்: இனி மதச் சின்னங்களை இரவல் கொடுத்தால் உத்தியோகத்துக்கு நான் பொறுப்பில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. பிள்ளையார் ஒன்று செய்ய மேசனுக்குச் சொல்லிவிட்டு, இன்ச் டேப் கொண்டுபோய்ச் சுவரில் எங்களுக்கு நாலரை அடி என்று சோக்கால் கோடு போட்டேன். மறுநாள் எனக்குப் பக்கத்தில் பேக்கரிக்காரர் கோடு. அதற்குப் பக்கத்தில் ஹாஜியாரின் மருமகன் கோடு. அளந்து பார்த்தால் சுவர் இரண்டு அடி போதவில்லை. கோட்டைத் தாண்டியது யார் என்று வாய்த்தகராறு. அந்த நேரம் பார்த்து மழை. விறாந்தாவில் பத்திரிகைகள் எல்லாம் நனைந்து கூழாகின. ஓடிப் போய்ப் பார்த்தேன். தபால் இலாகாவில் வேலைக்கு ஆள் கேட்ட விளம்பரம் அன்றைய தாளில்தான் வந்திருந்தது. நான் ஆறு மாதமாகக் காத்திருந்த விளம்பரம். கையில் எடுத்தால் 'கடைசித் தேதி' வரைக்கும் இருந்தது. தேதி பலகையில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

உள்ளே வந்து என் சோக் கோட்டை என் சட்டைக் கையாலேயே அழித்தேன். மிஸ் பார்த்தார். மேசை லாச்சியைத் திறந்து, அந்த விளம்பரத்தை அவர் காலையிலேயே எனக்காகக் கையால் எழுதி வைத்திருந்த துண்டை எடுத்து நீட்டினார். தேதியின் கீழே சிவப்புக் கோடு.

திறப்பு விழாவுக்குக் கண்டியிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். பல்புகள் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று சுற்றிச் சுற்றி எரிந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அன்று மிஸ் ஒசரியில். கூட்டின் பக்கத்தில் ஒரு சின்ன உறை ஒட்டியிருந்ததைப் பெரிய மனிதர் கவனித்துவிட்டார்.

"இது என்னா?"

"நம்பர் 902, சேர். அன்பளிப்புக்கெல்லாம் அட்டை உண்டு. அங்கத்தவங்க வீட்டுக்குக் கொண்டுபோய் வழிபடலாம். பதினாலு நாள்."

பெரிய மனிதருக்கு அது பிடித்துப் போனது. அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, இப்படி ஓர் ஏற்பாட்டைத் தான் எங்குமே கண்டதில்லை என்றும், முதல் கையெழுத்து இதைக் கொடுத்த புண்ணியவானுடையதாக இருப்பதே பொருத்தம் என்றும் பேசினார். கைதட்டல். போட்டோக்காரர் குனிந்தார். சேர்மன் மாத்தயா பல் தெரியச் சிரித்துக்கொண்டே அட்டையில் கையெழுத்துப் போட்டார். மிஸ் தேதி முத்திரையைக் குத்தினார். அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

மறுநாள் காலை கிராமச்சங்க அலுவலகத்துக்கு மிஸ்ஸின் செய்தி போனது: நீங்கள் எடுத்த 902 இன்னும் இங்கேயே இருக்கிறது, உடைந்தாலும் தொலைந்தாலும் உங்கள் பேரில்தான் வரும், தயவுசெய்து எடுத்துப் போகவும். சேர்மன் சிரித்தார். நாலாம் நாள் இன்னொன்று. அவர் சிரிக்கவில்லை. பதினைந்தாம் நாள் சிவப்பு அட்டை போனது. தபால்காரர் வழக்கம்போல் கடைத்தெருவில் நின்று உரக்க வாசித்தார். 'வேறொருவர் காத்திருக்கிறார்.' அது உண்மை. ஆரச்சி மாத்தயா வரிசையில் பேர் கொடுத்திருந்தார்.

அடுத்த கிராமச்சங்கக் கூட்டத்தில் எதிர்க்கட்சி அங்கத்தவர் எழுந்தார். மெதுவாக, மரியாதையாகக் கேட்டார். "சேர்மன் மாத்தயா புதுன்ட சிலைய வீட்டுக்குன்னு ஊர் முன்னாடி கையெழுத்துப் போட்டு எடுத்தீங்க. ஒரு மாசமாகுது. வீட்ல வைக்க என்னா தயக்கம்? வீட்டு நோனாவுக்கு விருப்பமில்லையா? இல்ல, மாத்தயாவுக்கா?"

தேர்தலுக்கு ஆறு வாரம் இருந்தது. மறுநாள் காலை போல்ட் கழட்ட ஆள் வந்தது. கூட்டை வைக்கோல் சுற்றி லொறியில் ஏற்றினார்கள். ஊரே பின்னால் போனது, பெரஹெர ஊர்வலம் மாதிரி. நாங்களும் போனோம், எங்கள் சங்கத்து மத்தளத்தை நான்தான் வாசித்தேன். திரும்பி வந்தபோது மிஸ் பத்திரிகைப் பலகையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். மற்ற முனையைப் பிடித்தது ஹாஜியார்.

சேர்மன் தேர்தலில் வென்றார். வென்ற இரண்டாம் மாதம் மிஸ்ஸுக்கு இடமாற்றம், பல்லேகமவுக்கு. அங்கே லைப்ரரி என்றால் ஓர் அலுமாரியும் நிறைய மலையும் என்றார்கள். நான் இந்த முறை இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து ஆரச்சி மாத்தயா, சிங்களத்தில். ஒன்றும் நடக்கவில்லை. மிஸ் குடையும் ஒரு தகரப் பெட்டியுமாக பஸ் ஏறினார். அன்று செவ்வாய்க்கிழமை, ஆனால் ஒசரி கட்டியிருந்தார். தேத்தண்ணிக் கடையில் அதற்கும் ஒரு பந்தயம் ஆரம்பமானது. பஸ் நகரும்போது ஜன்னலால் தலையை நீட்டினார். ஏதோ முக்கியமாகச் சொல்லப் போகிறார் என்று கூடவே ஓடினேன்.

"233" என்றார்.

அடுத்த கிழமையே சேர்மன் வீடு வீடாக ஆள் அனுப்பி எல்லாப் படத்தையும் திரும்ப வரவழைத்தார். சுவர் முழுக்க மாட்டினார். புத்தர் நடுவில், மற்றவர்கள் ஓரத்தில். கண்ணாடிக் கூடும் திங்கட்கிழமை திரும்பி வரும் என்று அறிவித்தார். பத்திரிகைப் பலகை மறுபடி விறாந்தாவுக்குப் போக வேண்டியதுதான். புதிதாக வந்த லைப்ரேரியன் என் வயதுப் பையன், கண்டிக்காரன், எதைத் தொட்டாலும் சேர்மனை ஒரு தரம் நினைத்துக்கொள்பவன். ஆனால் ஒன்றை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஏழாவது விதியை யாரும் மாற்றவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் லைப்ரரி வாசலுக்குப் போனேன். முதல் ஆளாக இருப்பேன் என்று நினைத்தேன். ஒன்பதாவது ஆளாக நின்றேன். யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை, சத்தியமாக. ஆரச்சி மாத்தயா நின்றார். பஸ் டிரைவர், பஸ்ஸை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு நின்றார். ஹாஜியார் கையைக் கழுவிவிட்டு, ஈரம் சொட்ட நின்றார். என் அம்மா அப்பாவின் கார்டோடு நின்றார். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு, தெரியாதவர் மாதிரி வேறு பக்கம் திரும்பினார்.

கதவைத் திறந்த பையன் வரிசையைப் பார்த்துப் பயந்துவிட்டான். முதல் ஆள் ஒரு படம் கேட்டார், அட்டை எடுத்துக் கொடுத்தான். இரண்டாம் ஆளும் படம் கேட்டார். நாலாவது ஆளில் அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

"எல்லாரும் இதையே கேட்டா சுவர்ல என்னாங்க மிஞ்சும்?"

"சுவர் மிஞ்சும்" என்றேன் நான், ஒன்பதாவது இடத்திலிருந்து.

பத்து மணிக்குள் ஆணிகள்தான் இருந்தன. அப்போது ஒரு கார் வந்து நின்றது. பின் சீட்டில் சேர்மன் மாத்தயா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பியபடி. முன்னால் இருந்து அவருடைய நோனா இறங்கினார். பெரிய பெண்மணி, வெள்ளை ஒசரி. வரிசை விலகி வழிவிட்டது. அவர் வழியை எடுத்துக்கொள்ளாமல் கடைசியில் போய் நின்றார். முறை வந்ததும் கைப்பையைத் திறந்து, 902இன் அட்டையை மேசையில் வைத்தார்.

"திருப்பிக் கொடுக்கிறீங்களா நோனா? மேடை ரெடியா இருக்கு" என்றான் பையன், உயிர் வந்தவனாக.

"யார் சொன்னது?" என்றார் நோனா. "காலையில நான் பூ வைக்கிற இடம் அது. இன்னும் பதினாலு நாளைக்கு எழுதுங்க."

காரைப் பார்த்தோம். சேர்மன் மாத்தயா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

எல்லாவற்றையும் நாலு பக்கம் எழுதி பல்லேகமவுக்கு அனுப்பினேன். சுவர் இருக்கிறது, பலகை இருக்கிறது, தபால் இலாகாவில் நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், நோனா மூன்றாம் தவணையில் இருக்கிறார் என்று. கடைசியில் துணிந்து, ஊர் முழுக்க நாலு வருஷமாகப் பிளேன்டி பந்தயம் கட்டிய கேள்வியையும் கேட்டுவிட்டேன்: மிஸ், நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள்?

பதினாலாம் நாள் பதில் வந்தது. தபால்காரர் கடைத்தெரு நடுவே நின்று, எல்லாரும் கூடியபிறகு உரக்க வாசித்தார். சிவப்பு மை.

'நம்பர் 233. கெடு தாண்டி ஐம்பத்தொன்பது வாரம். வேறொருவர் காத்திருக்கிறார்.'

அதற்குப் பதினாலு நாள் கழித்து இன்னொன்று வந்தது. அப்புறமும் ஒன்று. தேனீப் புத்தகம் என் மேசையில்தான் இருக்கிறது. நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டால் அட்டை வருவது நின்றுவிடும்.